சப்பட்டை மணி

நூலைக் கோத்துச் சற்று இழுத்தாள் ரதி, அவ்வளவுதான். மணி இரண்டாய்ப் பிளந்து, காய்ந்த பாண் துண்டுபோல உதிர்ந்து மடியில் கொட்டியது.

"கோதாரி விழுந்த றாக்!" என்றாள்.

அவள் திட்டியது ஒரு கம்பித் தாங்கியை. இரண்டு பக்கமும் பல்லுப் பல்லாய் வெட்டிய தகடு. அந்தப் பற்களின் மேல் குறுக்கே கிடத்துவதற்கு மெல்லிய கம்பிகள். களியில் உருட்டிய மணிகளைக் கம்பியில் கோத்து, தாங்கியில் கிடத்தி, தாங்கியோடு அவணுக்குள், அந்தப் பெட்டியடுப்புக்குள், வைத்தால், மணி எதிலும் முட்டாமல் அந்தரத்தில் நின்று உருண்டையாகவே வேகும். பெட்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது. பெட்டியில் எழுதுகிறவனுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விடுவான். அந்தத் தாங்கி ரூஜ் என்கிற புறநகரில் இருக்கிற அவர்களுடைய வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ரதி சுட்ட ஒரு மணிகூட உருப்படவில்லை. பார்வைக்கு நல்ல மினுமினுப்பு. கையில் எடுத்து இழுத்தால் புழுதி.

களி என்றதும் குளத்துக் களியை நினைக்கவேண்டாம். பொலிமர் கிளே என்று கடைகளில் சிறு கட்டிகளாக விற்கிற பிளாஸ்டிக் களி அது. ரொட்டிக்கு மாக் குழைப்பதுபோலக் குழைத்து, உருட்டி, துளைபோட்டு, அவணில் அரை மணித்தியாலம் சுட்டால் கல்லாகிவிடும். கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது மகள் றெபேக்காவுக்கு விளையாட வாங்கிக் கொடுத்தது. மகள் ஒரு கிழமையில் கைவிட்டாள். தாய் பிடித்துக்கொண்டாள். பகல் முழுவதும் மருந்துக்கடையில் காசாளராக நின்று, ஆட்களின் இருமலையும் எரிச்சலையும் வாங்கிக்கொண்டு வருகிறவளுக்கு, பேஸ்மென்றில் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் அந்தக் களியைப் பிசைகிற நேரம்தான் தன்னுடைய நேரம். கூட வேலைசெய்கிற பெண்கள் காதில் அவள் செய்த தோடுகள் ஆடுகின்றன. ஆக, அவளுக்குக் கைவேலை தெரியாது என்று ஒருவரும் சொல்லமுடியாது.

அதனால்தான் விசர் பிடித்தது. சின்னத் தோடெல்லாம் சரிவந்த கைக்கு, இப்போது வேண்டியிருந்த இந்தப் பெரிய மணி மட்டும் ஏன் வருதில்லை?

வேண்டியிருந்தது ஒரு செபமாலைக்கு. அதுவும் ரதியின் மாமனார் கிறிஸ்துநாயகத்துக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னுக்குப் போகத்தான் வேண்டும். கிறிஸ்துநாயகம் மன்னார் பேசாலையைச் சேர்ந்த வேதக்காரர், கத்தோலிக்கர். ரதி யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. மகன் ஜூலியன் இந்தப் பெண்ணைத்தான் முடிப்பேன் என்று நின்றபோது அவர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒருநாள் கோபம் தீர்ந்திருக்கும். அவர் பேசாமல் விட்டார். றெபேக்கா பிறந்து, வளர்ந்து, கார் ஓட்டப் பழகுகிற வயதும் வந்துவிட்டது. இன்னமும் மருமகளிடம் நேராக ஒரு சொல் இல்லை. "ஜூலியன், உவவுக்குச் சொல்லு, கறிக்கு உப்புக் கூட." "றெபேக்கா, கொம்மாட்டைக் கேள், என்ரை மருந்துக் குளுசை எங்கையெண்டு." ரதி அங்கேயே, ஒரு கை எட்டுகிற தூரத்தில், அகப்பையோடு நிற்பாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "கொப்பப்பாட்டைச் சொல்லு, குளுசை மேசையிலை இருக்கெண்டு" என்பாள். நடுவில் நிற்கிற பிள்ளை காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு, "ஓகே, கோட் இற்" என்றுவிட்டுப் போய்விடும். பாதி செய்தி போய்ச் சேருவதே இல்லை.

போன மாசியில் மாமி, அவருடைய மனைவி, செத்துப்போனா. வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற மகள் றோசலின், தகப்பனைத் தன்னிடம் வரச்சொல்லித்தான் கேட்டாள். றோசலின் வீட்டில் ஏறி இறங்க மூன்று தட்டுப் படி. முழங்கால் விடவில்லை. ஆக, மருமகள் வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே பின்னேரம் செபம் தொடங்கிவிட்டது. அவர் வழக்கப்படி, செபம் முடியாமல் சோற்றுக் கோப்பையில் ஒருவரும் கை வைக்கக்கூடாது.

அது பெரிய காரியமில்லை, சும்மா ஒரு இருபது நிமிட அலுவல். ஆனால் கிறிஸ்துநாயகத்திடம் செபமாலை இல்லை. மாமியைப் பெட்டியில் வைத்தபோது, தன் கையிலிருந்த மாலையைக் கழற்றி மாமியின் விரல்களுக்குள் சுற்றிவிட்டார். அன்றிலிருந்து விரல் மடித்து எண்ணுகிறார். வாதம் பிடித்த விரல்கள். சில மடியும், சில மடியாது. "அருள் நிறைந்த மரியாயே" என்று போய்க்கொண்டே இருப்பார். ஏழா, எட்டா என்ற இடத்தில் விரல் நின்றுவிடும். அவர் எண்ணிக்கையில் ஐமிச்சத்தோடு செபம் சொல்கிற ஆள் இல்லை. திரும்ப ஒன்றிலிருந்து தொடங்குவார். ஜூலியனும் றெபேக்காவும் "அர்ச்சிஷ்ட மரியாயே" என்று பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போவார்கள். குசினியில் ரதியின் இடியப்பம் காய்ந்து வைக்கோலாகும். ஒருநாள் அவர் ஒரே பத்தை நாலுதரம் சொன்னார். நாள் முழுக்க நின்று கால் கடுத்துப்போய் வந்த ரதிக்குப் பசியில் கண்ணில் நீர் வந்தது. அதேநேரம், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தக் கிழவர் மடியாத விரலை மற்றக் கையால் பிடித்து மடிக்கிறதைப் பார்த்தபோது வந்த நீர் பசியால் வந்ததில்லை. இரண்டும் உண்மை. எது கூட என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

செபமாலை கடையில் கிடைக்காதா? கிடைக்கும். றோசலின் விதவிதமாய்க் கொண்டுவந்து கொடுத்தாள். ஒன்று கண்ணாடி மணி, விரலில் நிற்காமல் வழுக்கியது. ஒன்று மரம், மிளகளவு. அவருடைய பெருவிரலுக்கு அது தட்டுப்படவே இல்லை. இன்னொன்றை மந்திரிக்காமல் கொண்டுவந்துவிட்டாள். மந்திரிப்பது என்றால், சாமியார் செபம் சொல்லி ஆசீர்வதிப்பது. மந்திரிக்காத மாலையைத் தொட்டுச் செபம் சொன்னால் அது வெறும் ஊசிமணி மாலைதான் என்று உறையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மட்டில் மனிதர் கறார்.

ரதி யோசித்தாள். பெருவிரலுக்குத் தட்டுப்படுகிற பெரிய மணி. வழுக்காத மணி. அது தன்னால் முடியும். மாமி செத்து ஒரு வருடம் முடிகிற ஆட்டைப் பூசைக்கு முன் செய்து கொடுத்துவிடவேண்டும். சைவக்காரி கையால் செய்ததை அந்த மனிதர் கைநீட்டி வாங்குவாரா? அதுதான் அவளுக்கு நெஞ்சுக்குள் கிடந்து குடைந்தது. வாங்கினால் இத்தனை வருடமும் சும்மா போகவில்லை. வாங்காவிட்டால் இனி இந்த வீட்டில் அவருக்குச் சோறு போடுவாளே தவிர, முகத்தைப் பார்க்கமாட்டாள். மனதுக்குள் தீர்மானமே செய்துவிட்டாள். முன்கூட்டிச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று, அவரிடம் மூச்சும் விடவேண்டாமென மகளுக்கும் புருசனுக்கும் உத்தரவு.

தொடக்கமே பகிடியாகத்தான் போனது. கத்தரிப்பூ நிறத்தில் மணிகளை உருட்டி அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்த ஜூலியன், "எத்தினை உருட்டியிருக்கிறாய்?" என்று கேட்டான்.

"நூற்றெட்டு."

"நூற்றெட்டோ! என்ரை அப்பாவைக் காசிக்கு அனுப்பப் போறியோ?"

மாலை என்றால் நூற்றெட்டு. ரதியின் கைக்கு வேறு கணக்குத் தெரியாது. உருத்திராட்சத்துக்கு உள்ளதுதானே செபமாலைக்கும் என்று நினைத்துவிட்டாள். ஜூலியன் வயிற்றைப் பிடித்துச் சிரித்து முடித்து, பத்துப் பத்தாய் ஐந்து கட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் நடுவில் 'எங்கள் பிதாவே' சொல்ல ஒரு தனி மணி, முன்னுக்கு ஒரு சின்ன வால், அதில் குருசு என்று படம் கீறிக் காட்டினான். இத்தனை வருடம் ஒரு வேதக்காரனோடு குடித்தனம் நடத்தியும் இது தெரியாமல் போனதற்கு ரதிக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாய் வந்தது. "நீங்களும் ஒருநாள் சொல்லித் தந்தனீங்களே?" என்று அவன்மேல் பாய்ந்தாள்.

அது நத்தார், அதாவது கிறிஸ்துமஸ் காலம். கிறிஸ்துநாயகம் முழங்காலைச் சரிக்கட்டிக்கொண்டு மகள் வீட்டில் நின்றார், மூன்று இராசாக்கள் திருநாள் முடியத்தான் வருவதாக ஏற்பாடு. நல்ல சந்தர்ப்பம் என்று ரதி அவணைத் திறந்தாள். திறப்பது என்றால் சும்மா இல்லை. அந்த அவண், கிழவரின் பாஷையில் போறணை, வீடு வாங்கும்போதே வீட்டோடு வந்த பழசு, திருகிற குமிழ் வைத்தது. வருடத்தில் முக்கால்வாசி நாள் அது அடுப்பில்லை, அலுமாரி. எங்கள் ஆட்களின் வீட்டு அவண்கள் எல்லாம் அப்படித்தானே! பெரிய தாச்சி, சின்னத் தாச்சி, தோசைக்கல்லு, பிட்டுப் பானை எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் குசினி நிலத்தில் பரப்பிவிட்டுத்தான் குமிழைத் திருகலாம்.

மணிகளைத் தட்டில் பரப்பிச் சுட்டாள். கல்லாய் வந்தது. றெபேக்கா ஒன்றை நிலத்தில் எறிந்து பார்த்தாள், துள்ளியது. ஆனால் தட்டில் பட்ட பக்கம் எல்லாம் சப்பட்டை. இவ்வளவு பெரிய மணி தன் பாரத்தில் தானே அமர்ந்துவிடுகிறது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, அந்தக் கதை. சப்பட்டை விழுந்த மணியைக் கொடுத்து, "உவ்வளவுதான் உவவின்ரை கைப்பாங்கு" என்று சொல்லவிடுவதா? எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் பேணியில் கொட்டிக் குசினி யன்னலில் வைத்தாள். கம்பித் தாங்கிக்கு ஓடர் கொடுத்தாள்.

தாங்கியும் வந்தது, மாமனாரும் வந்தார். அன்றிலிருந்துதான் மணிகள் உடையத் தொடங்கின.

ரதி செய்யாதது இல்லை. களியை மாற்றினாள். கை நோகும்வரை குழைத்தாள். கம்பியை இடம்விட்டு அடுக்கிப் பார்த்தாள். தாங்கிக்குக் கீழே ஈயத்தாள் விரித்தாள், மேலே கூடாரம்போலப் போட்டாள். கம்பி சூடேறித் துளையை வெடிக்கவைக்கிறதாக்கும் என்று இன்னும் மெல்லிய கம்பி தேடி வாங்கினாள். மணியை வைத்து, போனில் நேரம் குறித்து, கீழே போய்விடுவாள். போன் அடித்ததும் ஓடிவந்து குமிழைப் பாராமலே ஒரே திருகாய் மூடிவிட்டு, கையுறை போட்டுத் தாங்கியை வெளியே இழுப்பாள். மணிகள் வடிவாய்த் தொங்கும், உருண்டை உருண்டையாய். ஆறியதும் நூல் கோத்து இழுத்தால் பொடிப்பொடி.

ஜூலியன் ஒரு சரக்கு லொறிக் கொம்பனியில் ஓட்டுநர்களை ஏவுகிற வேலை பார்க்கிறவன். எதற்கும் தீர்ப்புச் சொல்லாமல் இருக்கமாட்டான். "தட்டிலை சுட்டது கல்லு. றாக்கிலை சுட்டது புழுதி. அப்ப ஆர் குற்றவாளி? றாக்கைத் தூக்கிக் குப்பையிலை போடு" என்றான்.

விசயம் தெரிந்த றோசலின் வந்திருந்த அன்று மேசையில் கிடந்த உடைசலைப் பார்த்து, "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்" என்றுவிட்டுச் சிரித்தாள். "விடும் மச்சாள், நான் இத்தாலியிலை இருந்து ஆரையும் பிடிச்சு நல்லதொண்டு எடுப்பிக்கிறன்."

ரதி சிரிக்கவில்லை. உடைசலைக் கையால் வாரிக் குப்பை வாளிக்குள் போட்டாள். அந்தக் கிழமை சாமியறையில், சாமியறை என்றால் மாப்பெட்டி வைக்கிற அலுமாரியின் மேல்தட்டு, பிள்ளையாரிடமும் ஒரு சண்டை பிடித்தாள். "உமக்குப் பிடிக்கேல்லையோ? மாதாவுக்கு மாலை செய்தால் உமக்குப் பொறாமையோ?" பிள்ளையார் வழக்கம்போல இருந்தார்.

ஆட்டைக்கு முந்தின சனிக்கிழமை. களி முடிந்துபோனது, இருந்த கடைசி மணிகளையும் உருட்டிக் கோத்துத் தாங்கியில் கிடத்தி அவணுக்குள் வைத்தாள். முன்னைய தடவைகளில் நூல் கோக்காமல் விட்ட சிலவும் கீழே ஒரு கிண்ணத்தில் இருந்தன. அவற்றை இழுத்துப் பார்க்கவே அவளுக்குத் துணிவில்லை. ஜூலியனும் றெபேக்காவும் கடைக்குப் போயிருந்தார்கள். ரதி பேஸ்மென்றுக்கு இறங்கினாள். பாதிப் படியில் நினைவு வந்தது, போனைக் குசினியிலேயே விட்டுவிட்டாள். திரும்ப ஏறினாள்.

அவணுக்கு முன்னால் கிறிஸ்துநாயகம் நின்றார். ஒரு கை முழங்காலில். மற்றக் கை குமிழில். கவனமாக, மெதுவாக, ஆகக் குறைந்த குறிக்கு அதைத் திருகிக்கொண்டிருந்தார்.

ரதிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாய் விளங்கியது. சூடு காணாத மணிகள், வீணாய் மாற்றிய களி, ஈயத்தாள், மெல்லிய கம்பி, றோசலினின் சிரிப்பு, அத்தனையும்.

"மாமா! என்ன செய்யிறியள்?"

கிழவர் திடுக்கிட்டார். ஆனால் கை குமிழை விடவில்லை. "குறைக்கிறன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். நீ கீழை போன உடனை. குறைக்காமல் விட்டால் என்ன நடக்கும்? இருநூற்றி எழுபத்தஞ்சு, பிள்ளை! இருநூற்றி எழுபத்தஞ்சு! தண்ணி நூறிலை கொதிக்குது. உது அதைப்போல ரெண்டேமுக்கால் மடங்கு. பிளாஸ்டிக்கை வைச்சு உந்தச் சூட்டிலை போறணையை விட்டால் வீடு நிக்குமோ?"

"ஐயோ கடவுளே, அது ஃபாரனைற் மாமா! ஃபாரனைற்!"

"என்ன நைற்?"

"அடுப்புக்கு வேறை கணக்கு! நீங்கள் சொல்லுற கணக்கிலை அது நூற்றி முப்பத்தஞ்சுதான்!"

"விசர்க்கதை கதையாதை. றேடியோக்காரன் மைனஸ் பத்து எண்டுறான், அது செல்சியஸ். என்ரை காய்ச்சலை டொக்டர் முப்பத்தெட்டு எண்டுறான், அதுவும் செல்சியஸ். முழு நாட்டுக்கும் ஒரு கணக்கு, உந்தப் போறணைக்கு மட்டும் இன்னொரு கணக்கோ?"

நியாயமான கேள்விதான். இந்த நாட்டில் அப்படித்தான் என்று சொல்வதைவிட வேறு பதில் இல்லை. அவரும் முப்பது வருடமாய் இங்கேதான் இருக்கிறார். ஆனால் ஒருநாளும் அவணில் ஒன்றும் சுட்டதில்லை. பார்க்டேலில் வந்திறங்கிய காலத்தில், அவர்களுடைய அவணுக்குள்ளும் சட்டிபானைதான் இருந்தது. யாரோ தெரியாமல் குமிழைத் திருகிவிட, உள்ளே இருந்த பிளாஸ்டிக் பிடித் தாச்சி உருகிப் புகைந்து, அபாயமணி அடித்து, கொட்டுகிற பனியில் முழு மாடிக் கட்டடமும் தெருவில் நின்றது. கைக்குழந்தை றோசலினைச் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு அவர் நின்றார். அந்தக் கதையை ஜூலியன் பகிடியாகச் சொல்லி ரதி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவருக்கு அது பகிடி இல்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்து என்ன, கோபம் அதைவிட முன்னுக்கு நின்றது.

"எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னனான். றெபேக்காவிட்டைச் சொன்னனான், போறணையைக் கனக்க விடவேண்டாமெண்டு கொம்மாட்டைச் சொல்லெண்டு."

"அவள் எனக்குச் சொல்லேல்லை."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்! எனக்கு! நான் உங்களுக்கு முன்னாலைதானே நிக்கிறன், இவ்வளவு வருசமாய் உங்களுக்கு முன்னாலைதானே நிக்கிறன்!" ரதியின் குரல் உடைந்தது. "உது ஆற்றை மணியெண்டு நினைச்சியள்? ஆருக்கெண்டு நான் இரவுபகலாய் உருட்டுறன்? உங்களுக்கு! உங்கடை விரல் மடியுதில்லையெண்டு, நீங்கள் எண்ணிக்கை பிழைச்சுப் பிழைச்சுத் திரும்பத் தொடங்கிறியள் எண்டு, உங்களுக்குச் செபமாலை செய்யிறன். நான் செய்யச் செய்ய, நீங்கள் மேலை நிண்டு அதைக் கெடுத்துக்கொண்டு நிண்டிருக்கிறியள்!"

கிறிஸ்துநாயகம் குமிழிலிருந்து கையை எடுத்தார். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாததுபோலப் பார்த்தார்.

"நீயும் சொல்லேல்லையே" என்றார்.

"சொல்லியிருந்தால் வேண்டியிருப்பியளோ?"

ரதி விடவில்லை. "சொல்லுங்கோ மாமா. இன்னார் செய்யிறா எண்டு சொல்லியிருந்தால், வேண்டியிருப்பியளோ?"

"தெரியேல்லை" என்றார் கிழவர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்தப் பதில் ரதிக்கு நெஞ்சில் குத்தியது. ஓம் என்று சும்மாவாவது சொல்லியிருக்கக்கூடாதா? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாச்சிகளை அடுக்கத் தொடங்கினாள், ஒன்றின்மேல் ஒன்றாய், வேண்டுமென்றே சத்தம் எழ.

பிறகு பின்னால் கிழவரின் குரல். "பிள்ளை. உந்த உடைஞ்சதுகளை இனி ஒண்டும் செய்யேலாதோ?"

களியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. குறையச் சுட்டதைத் திரும்பச் சுடலாம். ரதி கீழே போய், கிண்ணத்தில் உடையாமல் கிடந்தவற்றை எடுத்துவந்தாள். வெறும் கம்பிகளில் கோத்து, அவணைத் திறந்து, தாங்கியில் மற்றவற்றோடு கிடத்தினாள். குமிழில் கையை வைத்து, அவரைத் திரும்பிப் பார்த்து, இருநூற்றி எழுபத்தைந்துக்குத் திருகினாள். கிழவர் ஒரு கதிரையை இழுத்து அவணுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எவ்வளவு நேரம்?"

"அரை மணித்தியாலம்."

"நான் பாத்துக்கொள்ளுறன். எரிஞ்சால் எரியட்டும்."

அவர் விரலை மடித்து, "அருள் நிறைந்த மரியாயே" என்று தொடங்கினார். ரதி சற்றுத் தள்ளி, தண்ணித் தொட்டியில் சாய்ந்துகொண்டு நின்றாள். கோபம் தணியவில்லை. அந்த மனிதரை நம்பவும் முடியவில்லை. திரும்பவும் குமிழில் கை வைத்துவிட்டால்? ஆகவே அசையாமல் நின்றாள். அவர் ஏழிலா எட்டிலா என்று நின்றார், திரும்பத் தொடங்கினார், இன்னொருமுறை நின்றார். போன் அடித்தபோது இரண்டு பேருமே திடுக்கிட்டார்கள்.

ஆறியதும் ரதி ஒரு மணியை எடுத்து நூல் கோத்தாள். இழுத்தாள். உடையவில்லை. இன்னும் பலத்தோடு இழுத்தாள். நூல்தான் அவள் கையை வெட்டியது. மணி அப்படியே இருந்தது.

கிறிஸ்துநாயகம் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஏதோ ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். கத்தரிப்பூ நிறம், ஒரு பக்கம் சப்பட்டை. யன்னல் பேணியில் இருந்தது.

"இதையும் கோ."

"அது பழுது மாமா. சப்பட்டை."

"வந்த கிழமையே பேணிக்குள்ளை கண்டு எடுத்தனான். என்னெண்டு தெரியாது. சட்டைப்பையிலை வைச்சு உருட்டுறனான். சப்பட்டையிலை விரல் வந்து நிக்கும். உருண்டையிலை ஓடீடும்." பெருவிரலை அதன்மேல் வைத்துக் காட்டினார். "பத்துக்குப் பிறகு இப்பிடி ஒண்டைக் கோத்தால், எனக்கு எண்ணத் தேவையில்லை. விரலே சொல்லும்."

ரதி அந்தச் சப்பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தாங்கியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், முதல்நாள் சுட்டதே போதுமாக இருந்திருக்கிறது. சிரிப்பதா, தாச்சியை எடுத்துத் தலையில் அடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பேணியை எடுத்து வந்து தட்டில் கொட்டினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டைப் பூசை. ஜூலியன் மண்டபத்துக்குச் சாப்பாட்டுச் சாமான்களோடு ஒரு சிநேகிதனின் வாகனத்தில் முன்கூட்டியே போய்விட்டதால், கார் ரதியின் கையில். எப்போதும் பின்னுக்கு ஏறுகிற கிறிஸ்துநாயகம் அன்று முன்கதவைத் திறந்து ஏறினார். பின்னால் றெபேக்கா. வெக்ஸ்போர்ட்டில் நிறுத்தி றோசலினை ஏற்றிக்கொண்டார்கள். ஏறி உட்கார்ந்ததும் றோசலின் தகப்பனின் கையைக் கண்டாள். ஒவ்வொன்றும் நெல்லிக்காயளவு மணி, இடைக்கிடை ஒரு சப்பட்டை, நுனியில் வெள்ளிக் குருசு.

"அட, மச்சாள் முடிச்சுப்போட்டா! ஐயா, பூசைக்கு முதல் ஃபாதரிட்டைக் குடுத்து மந்திரிச்சு எடுங்கோ. மந்திரிக்காமல் செபம் சொல்லாதேங்கோ, பேந்து நீங்கள்தான் பேசுவியள்."

ரதி ஸ்ரியரிங்கை இறுகப் பிடித்தாள். அதுதான் பாக்கி. அதை அவள் மறந்தே போனாள்.

"மந்திரிச்சாச்சு" என்றார் கிறிஸ்துநாயகம்.

"எப்ப? எந்தச் சாமியார்?"

"சாமியார் இல்லை. அது போறணைக்குள்ளை வேகேக்கை, முழுக்க நான் முன்னாலை இருந்து செபம் சொன்னனான்." மணியின் சப்பட்டையில் பெருவிரலை வைத்து, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "பிள்ளையும் பக்கத்திலை நிண்டவ."

ரதி வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள். லோறன்ஸ் வீதியில் அழுதுகொண்டு கார் ஓட்ட முடியாது. ஏதாவது செய்யவேண்டுமே என்று, கையை நீட்டிக் காரின் ஹீற்றரைக் கூட்டினாள்.

கிறிஸ்துநாயகம் குனிந்து அந்தக் குமிழை உற்றுப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார், "உது எந்தக் கணக்கு?"